பசவந்தப்பாவின் டேப்புகள்

"இன்னிக்கும் சிவப்பு. இந்த வாரத்துல ஒரு நாளாவது பச்சை வந்துச்சா?"

டைரக்டர் ஹிரேமட் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். 'பேக்கப் தோல்வி' என்று சிவப்பு எழுத்தில் மெயில் வந்திருந்தது.

ஷைலஜா பார்த்தாள். "வரல சார்."

தார்வாடின் அந்தச் சிறுநீரக ஆஸ்பத்திரியில் அவள் சிஸ்டம் ஆபீசராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோயாளிகளின் கோப்புகள் அத்தனைக்கும் தினமும் டேப்பில் ஒரு நகல் ஏற வேண்டும். சர்வர் படுத்துவிட்டாலும் யாருக்கு எந்த மருந்து, யாருக்கு எப்போது டயாலிசிஸ் என்ற விவரம் தப்பிக்க வேண்டுமே.

இத்தனை வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் பசவந்தப்பா. வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அவர் கையில் இருந்தவரை பச்சை மெயில்தான். ஷைலஜா மென்பொருளைத் திறந்து எதையோ மாற்றினாள். அன்றிலிருந்து சிவப்பு.

"முன்னாடி ஒரே டேப்புல அடங்கினது, இப்ப ஏன் பாதியில நிக்குது?"

"இப்ப நிறைய எழுதறேன் சார்."

"யார் எழுதச் சொன்னா?"

"எழுதணும் சார்."

சுவரோரம் நின்ற பசவந்தப்பா சிரித்தார். "புது மருமக வந்து அடுப்பை இடம் மாத்தின கதை சார் இது. தாயி, நான் வெச்சபடியே விட்டிருந்தா உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"பழையபடி மாத்துங்க," என்றார் டைரக்டர்.

"மாட்டேன் சார்."

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"மெமோ கொடுங்க, வாங்கிக்கறேன். மாத்த மாட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் சர்வரை நிறுத்தி, முழுசா ஒரு நகல் எடுக்கணும். அதுக்கு அனுமதி வேணும்."

"ஓ.பி. கூட்டத்தை என்ன பண்றது?"

"ஒரு மத்தியானம் சீட்டுல எழுதிக்கலாம் சார்."

காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை. மெமோ கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். அனுமதியும் கிடைத்தது. "இதுலயும் சிவப்பு வந்தா, வெள்ளிக்கிழமை ரெண்டு பேருக்கும் சேர்த்தே மாலை போட்டுடலாம்" என்ற எச்சரிக்கையோடு.

வியாழக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன் வரிசை வாசல்வரை நின்றது. வைதவர்கள் எல்லோரும் ஷைலஜாவைத்தான் வைதார்கள். அவள் சர்வர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

வேலையை மூன்று டேப்புகளுக்குப் பிரித்திருந்தாள். முதல் டேப் ஏறியது. இரண்டாவதை டேப் டிரைவ் வெளியே தள்ளியது. சுத்தம் செய்யும் டேப்பைப் போட்டு எடுத்தாள். கேபிளைக் கழற்றி மாட்டினாள். மறுபடியும் தள்ளியது. டேப்பையே மாற்றினாள். ஓடியது.

சாயங்காலம் பச்சை வந்தது. அவள் அதை நம்பவில்லை. யாரோ ஒரு நோயாளியின் கோப்பை டேப்பிலிருந்து இறக்கி, நேற்றைய ரத்தப் பரிசோதனைவரை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதவைத் திறந்தாள்.

மறுநாள் பிரிவு உபசார விழா.

"பசவந்தப்பா காலத்துல ஒரு நாள்கூட பேக்கப் தவறினதில்ல," என்றார் டைரக்டர் மைக்கில். "சில பேர் வந்ததும் வராததுமா எல்லாம் தெரிஞ்ச மாதிரி கை வைக்கறாங்க. அவரோட டேப்புகளைப் பத்திரமா வைக்கச் சொல்லியிருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷைலஜாவும் தட்டினாள்.

பசவந்தப்பா கழுத்து மாலையோடு வந்து அவள் கையில் ஒரு பேடாவை வைத்தார். "உன் டேப் காலை வாரினா என் டேப்பை எடுத்துப் போடு தாயி. கூச்சப்படாதே."

"சரிங்க சார்."

கூட்டம் கலைந்ததும் ரிஜிஸ்ட்ரேஷன் நீலம்மா சர்வர் அறைக்குள் வந்தாள். "மெமோ வாங்கின. மைக்குல திட்டு வாங்கின. வாயே இல்லையா உனக்கு? ஆமா, அவரோட டேப்பையெல்லாம் ஏன் வெளிய எடுத்து வெச்சிருக்க?"

"அழிச்சுட்டு என் வேலைக்குப் போட்டுக்கப் போறேன் அக்கா."

"அழிக்கறியா? அந்த மனுஷன் மேல அவ்வளவு கோபமா?"

ஷைலஜா ஒரு டேப்பை டிரைவில் தள்ளித் திரையைக் காட்டினாள். போன மாதம் எடுத்த டேப். உள்ளே இருந்த கடைசிக் கோப்பு இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

"கோப்பையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்தினப்போ, இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோணல. பாவம், தினமும் பழைய டிஸ்க்கையே நகல் எடுத்திருக்கார். வெளிய தெரிஞ்சா, மாத்தினவங்க தப்பிச்சுப்பாங்க. இவர் தலைதான் உருளும்."

நீலம்மா திரையில் இருந்த தேதியை இன்னொரு முறை படித்தாள். "அவருக்காவது தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்?"

"டைரக்டர் கேட்டா என்ன சொல்லுவ?"

ஷைலஜா அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"திமிர்ல அழிச்சேன்னு சொல்லுவேன். அவர் சர்வீஸ் இன்னியோட முடிஞ்சுது அக்கா. எனக்குத் திட்டு வாங்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு."