பதினோரு பேருக்குப் படகு

‘ஜூன் 14, சனிக்கிழமை. இன்றைய தவறு: கடல் ஏறும் நேரம் என்று நினைத்து, இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் மன்னிக்கவும்.’

பஸ்ஸின் முன்பக்கம் நின்று, நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தான் ‘பட்டியல்’ என்று எல்லோரும் கூப்பிடும் பையன்.

சலவை நிலையத்திலிருந்து அவனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். இரண்டு நாள் சுற்றுலா. ஐந்து மணி நேரம் கடலை ஒட்டியே வந்தவர்கள், படகு ஏற வேண்டிய இடத்தில் கடலைக் காணாமல் விழித்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை பழுப்புச் சேறும் மணலும். நாலைந்து படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன.

“கடல யாரோ பிழிஞ்சு காயப் போட்டுட்டாங்கப்பா,” என்றார் இஸ்திரிக்காரர்.

பஸ்ஸே சிரித்தது.

“எதையும் மூணு தடவ சரி பாக்குறவன், இதப் போயி எப்படிடா கோட்ட விட்ட?” என்றாள் முதலாளியம்மா. “நாளைக்காவது படகுல ஏத்துவியா?”

“காலைல கண்டிப்பாம்மா,” என்று தலையைச் சொறிந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதப் பழகுகிறான். தினமும் ஒரு தவறையாவது எழுத வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. சலவைக்கு வரும் சட்டையில் எத்தனை பொத்தான் என்பதுவரை எழுதிவைக்கிறவன். பட்டியல் என்ற பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

கடைசி வரிசையில் பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையில் தயாராக வைத்திருந்த தலைவலித் தைலத்தை மெல்லப் பைக்குள் போட்டாள். இன்றைக்குத் தப்பித்தாயிற்று. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கறை எடுப்பது அவள் வேலை. பதினேழு வருடமாகத் தண்ணீரில்தான் பிழைப்பு. ஆனால் தொட்டித் தண்ணீர் வேறு, கரை தெரியாத தண்ணீர் வேறு. அதைக் கண்டாலே அவளுக்குப் பயம்.

வெளியே சொன்னால் போச்சு. இஸ்திரிக்காரர் அடுத்த சுற்றுலாவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு தலைவலி, ஒரு வயிற்றுவலி. அதுவும் செல்லாவிட்டால், பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா என்று ஒரு கேள்வி.

போன வருடம் ஏரியில் எல்லோரும் படகேறியதும், பஸ்ஸின் திரைகளை இழுத்துவிட்டு, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறந்துவிட்ட குடைக்காகப் பட்டியல் திரும்பி வந்தான். எடுத்தான், கம்பியைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தான், போனான்.

இந்த இடத்துப் பாறைமேல் மட்டும் அவளுக்குத் தீராத ஆசை. கடலுக்குள் ஒற்றையாக நிற்கும் பாறை, உச்சியில் நாலு மரம். சலவைக்கு வந்த கோட்டுப் பையில் கிடைத்த படம் அது. கோட்டுக்காரர் அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அவள் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் போதும். ஆனால் படகில்தான் போக வேண்டும் என்றால், படமே போதும்.

“பாறைவரைக்கும் நடந்தே போயிடலாம் போலிருக்கே!” என்று கத்திக்கொண்டே டிரைவர் முதலில் இறங்கினார். ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்தார்கள்.

பெரியக்கா கரையின் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

“தம்பி, தண்ணி எப்பத் திரும்பி வரும்?”

“அஞ்சரைக்குத்தான்க்கா பாறையத் தொடும். இப்ப மூணு இருபது. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். நாலரைக்கெல்லாம் பஸ்ல இருப்போம்.”

நோட்டைப் பார்க்காமலே சொன்னான்.

அவள் இறங்கினாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. அதற்கப்பால் மணல், அலை விட்டுப்போன மடிப்பு மடிப்பான வரிகளோடு.

“இதுக்கு யாருங்க இஸ்திரி போட்டது?” என்றாள் முதலாளியம்மா.

“நான் இன்னைக்கு லீவும்மா,” என்றார் இஸ்திரிக்காரர்.

பாறை நெருங்க நெருங்க வளர்ந்தது. படத்தில் இருந்தது மேல்பாதிதான். பாஸ்போர்ட் போட்டோவில் மட்டும் பார்த்த ஆள் திடீரென்று எழுந்து நின்றதுபோல, இடுப்பும் காலுமாக அவள் முன்னே நின்றது.

இரண்டு மாடி உயரத்தில் ஒரு ஈரக்கோடு. அதற்குக் கீழே பாசி தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கடல் அங்கே இருந்திருக்கிறது.

திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

பிறகு பதினேழு வருடப் பழக்கத்தில் கண்ணைச் சுருக்கி, அந்தக் கோட்டை மேலும் கீழும் ஆராய்ந்தாள்.

“இந்தக் கறை என் கைக்கும் போகாது,” என்றாள்.

எல்லோரும் சிரித்த சிரிப்பில், தன் உள்ளங்கை பாறைமேல் இருப்பதை அவளே தாமதமாகத்தான் கவனித்தாள். சில்லென்று சொரசொரவென்று இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

“போட்டோ எடுக்கிறேன், எல்லாரும் நெருங்கி நில்லுங்க! அக்கா, இதக் கொஞ்சம் பிடிங்க.”

நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் பட்டியல் பின்னால் நடந்தான். காற்று பக்கங்களைப் புரட்டியது. மூட வந்த அவள் கை நின்றது. போன மாதத் தேதி. திருத்தமான, பயந்த கையெழுத்து.

‘சனி: 3.30க்குக் கடல் முழுக்க இறங்கும். பாறைவரை நடக்கலாம். துறைமுக அலுவலகத்தில் மூன்று முறை கேட்டாயிற்று. நேரத்தைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நம்புவார்களா தெரியவில்லை.’

“அக்கா! இங்க பாருங்கக்கா!”

அவள் நிமிரவில்லை. கீழே இன்னும் சில வரிகள் இருந்தன.

‘ஞாயிறு: காலை 10 மணி, கடல் ஏறியிருக்கும். படகுக்குப் பதினோரு பேர் என்று சொல்லியாயிற்று. பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நானே முதலில் சொல்ல வேண்டும்.’