உடம்பு பழகும் வரை

தோல் டாக்டர் அக்குளில் பூசும் ரோல்-ஆனை நிறுத்தச் சொன்னதால், அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும் கூவைக்கிழங்கு மாவும் குழைத்த பூச்சு டப்பா ஒன்றை விமலா வாங்கி வந்தாள். "முதல்ல கொஞ்ச நாள் வேர்வை நாத்தம் கூடத்தான் இருக்கும். அப்புறம் உடம்பு பழகிரும் மேடம்" என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அப்படித்தான் ஆனது. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி ஜன்னலைத் திறந்து வைத்தாள். பேருந்தில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கவே விமலாவுக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அருகில் வந்து நின்றாள். கொடியை நோக்கி உயர்ந்திருந்த கையின் அக்குளுக்குள் மெல்ல முகத்தைக் கொண்டுபோனாள். விமலா பதறி விலகினாள்.

"நாறுதும்மா. உடம்பு பழகுற வரைக்கும் இப்படித்தானாம்."

"கையை இறக்காத."

விமலாவுக்குப் புரிந்தது. இரட்டையராய்ப் பிறந்த அவர்கள் இருவரில் நிர்மலா மட்டும் கடைசிவரை எதையும் பூசிக்கொண்டதில்லை. அவள் போன பிறகு அவளுடைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் அம்மா தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சித்தி, உதவியாக இருக்கட்டுமென்று அதையும் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள்.

கை கடுத்தது. பிழிந்த புடவையின் நீர் முழங்கை வழியே வடிந்தது. அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து நின்றாள்.

மறுநாள் காலை விமலா குளித்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். அறைவாசலில் நின்றிருந்த அம்மா தயங்கிக் கேட்டாள்:

"உடம்பு பழக இன்னும் எத்தனை நாளாகும்டி?"