மானிஸ் வந்த காலை

மேட்ரன் ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தார்.

நாய் குரைக்கக் கூடாது. கோடியில் இருந்த மலாய்க்கார நோயாளிகள் பக்கம் போகக் கூடாது; நாய் தொடுவது அவர்களுக்கு ஆகாது. ஒரே ஒருவர் வேண்டாமென்றாலும் இந்த ஏற்பாடு இன்றோடு சரி.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நர்ஸ் பாக்கியலட்சுமி மானிஸின் கயிற்றைப் பிடித்தாள். காஜா பெராங்கில் அவள் வீட்டில் வளரும் செவலை நாய் அது. காலையிலேயே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அழைத்து வந்திருந்தாள்.

கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி தரும் வார்டு. மருந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டது. இனி அவர்களாக அசைக்க வேண்டும். அதற்கு மனசு வர வேண்டுமே.

நாயைக் கண்டால் அந்த மனசு வரும் என்று சொல்லித்தான் மூன்று மாதமாக மேட்ரனிடம் மன்றாடினாள். மலாயாவின் சுதந்திர விழாவான மெர்டேக்கா முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர், மெர்டேக்கா வந்த பத்தாம் நாள் சரி என்றார்.

முதல் கட்டிலில் ராஜரத்தினம் மானிஸைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த கட்டில்காரர் பாதி பிஸ்கட்டை நீட்டினார்.

மூன்றாவது கட்டிலில் மருதமுத்து. பக்கவாதத்தில் வலது கை விழுந்து ஏழு வாரம். யாரோடும் பேச்சில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

நாயைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

“வேணாம்மா. அது என்கிட்ட வராது.”

மேட்ரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியலட்சுமி பதறிக் கயிற்றை இழுத்தாள்.

மானிஸ் நகரவில்லை. கட்டிலோரம் தொங்கிய அவர் வலது கையை முகர்ந்தது. நக்கியது. பிறகு அந்த உள்ளங்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

மருதமுத்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்.

சுண்டுவிரல்தான் முதலில் அசைந்தது. பிறகு அடுத்த விரல். நாயின் காது மடலைத் தொட்டு, தயங்கி, மெல்ல வருடியது.

ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. மேட்ரன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில், மருதமுத்துவின் மனைவி அஞ்சலை சோற்றுத் தூக்கோடு காத்திருந்தாள். பாக்கியலட்சுமி அவளிடம் ஓடினாள்.

“அக்கா, விரல் அசைஞ்சிருச்சு! நாய்னா அவருக்கு அவ்வளவு பிரியமா?”

அஞ்சலை தூக்கைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முனிசிபாலிட்டில தெருநாய் சுடுற வேலைம்மா அவருக்கு. பதினோரு வருஷம். அவரு வர்றாருன்னாலே தெருவுல ஒரு நாய் நிக்காது. வீட்டுக்கு வந்ததும், வலது கையை மட்டும் மூணு தடவை கழுவிட்டுத்தான் சோத்துல வைப்பாரு.”