சூட்டை ஏற்றியவர்

குடுவையில் கிடந்த காகிதம் கூழாய்க் கரைந்திருந்தது. ஆய்வகமே கைதட்டியது. சீனியருக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது. நேற்று முளைத்த ஜூனியருக்கு இவ்வளவு மவுசா?

"மாசக்கணக்கா காகிதத்தைச் சீண்டாத பாக்டீரியா, திடீர்னு எப்படிம்மா தின்னுச்சு?" என்றார் இயக்குநர்.

"நேத்து யாரோ குடுவை இருந்த இன்குபேட்டர்ல சூட்டைக் கன்னாபின்னான்னு ஏத்திட்டாங்க சார். அந்தச் சூட்டுலதான் இதோட என்சைமே வேலை செய்யுது!" என்றாள் ஜூனியர். "யாருன்னு தெரிஞ்சா, கட்டுரையில அவங்க பேரைத்தான் முதல்ல போடுவேன்."

சீனியர் ஆசையாய் வாயைத் திறந்தார்.

"போடலாமே! எதுக்காக ஏத்தினாங்கன்னு மட்டும் சொல்லட்டும்" என்றார் இயக்குநர்.

பாக்டீரியா மொத்தமும் வெந்து சாகட்டும் என்று ஏற்றியவர், திறந்த வாயை மூடிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.