இரண்டாவது மான்

"கோட்டைப் போத்திக்கிட்டே இரு. கேட்டா தலையை மட்டும் ஆட்டு" என்றான் என் புருஷன் ராய்ஸ்.

மொன்டானா மலைச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் டெல்பர்ட் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் இரண்டு ஆண் எல்க் மான்கள் கிடந்தன.

"ஆளுக்கு ஒண்ணுதானே ராய்ஸ்? இப்படியே போனா மந்தையில ஆம்பளையே மிஞ்சாது."

"ஒண்ணுதான் நான் சுட்டது சார். இன்னொண்ணு என் பொண்டாட்டி லெனோரா சுட்டது. இந்தாங்க அவ பர்மிட்."

வருஷா வருஷம் இதே பொய்தான். நானும் தலையாட்டுவேன்.

"அப்படியாம்மா? இவ்ளோ பெருசையா?"

"ஆமா சார், நான்தான்" என்றபடி இடது கையால் கோட்டை விலக்கினேன்.

போன வெள்ளிக்கிழமை ராய்ஸ் முறித்த என் வலது கை, தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது.

"எந்தக் கையால சுட்டேன்னு அவரையே கேளுங்க. இது எப்படி உடைஞ்சுதுன்னும் கேளுங்க."