பார்க்கக் காலிதான்

“அழிச்சுட்டோம்னு நாம நிம்மதியா இருப்போம். திடீர்னு கரண்ட் போனா போதும், அது திரும்ப உயிரோட வந்து நிக்கும்,” என்றாள் வைதேகி.

பக்கத்து மேசையில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

“ஃபைலைத்தான் சொல்றேன்,” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். எதிரே இருந்த அழகேசன் சிரித்தார்.

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் அன்றுதான் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் எஞ்சினியர், விவாகரத்து ஆனவர், சீக்கிரமே பதிவுத் திருமணம் செய்ய நினைக்கிறார் என்று அத்தை சொல்லியிருந்தார். வைதேகிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவளுடைய கவலையெல்லாம், கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமிக்கும் மென்பொருள் எழுதும் தன் வேலையைப் பற்றி வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதுதான்.

முன்பு பெண் பார்க்க வந்த ஒருவர் அவள் பேச்சின் நடுவிலேயே கொட்டாவி விட்டார். இன்னொருவர் தன் போனில் இடம் நிறைந்துவிட்டது, சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். அவளும் சரிசெய்து கொடுத்தாள். அந்தப் போனிலிருந்து அதன்பிறகு அழைப்பே வரவில்லை.

ஆனால் அழகேசன் தானாகவே கேட்டார். “அழிச்சது எப்படிங்க திரும்ப வரும்?”

“எதை மாத்துறதா இருந்தாலும் ஜர்னல்னு ஒரு இடத்துல முதல்ல எழுதிடுவோம். எழுதி முடிச்சு உறுதி பண்ணாத்தான் அழிச்சதா அர்த்தம். அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா, கம்ப்யூட்டர் திரும்ப எழுந்ததும் ஜர்னலைப் பார்க்கும். அதுல இல்லைன்னா, அந்த ஃபைல் அழியவே இல்லைன்னுதான் எடுத்துக்கும்.”

“வந்தா வந்துட்டுப் போகட்டுமே. என்ன நஷ்டம்?”

“அதுக்குள்ள அந்த இடத்தைப் புது ஃபைலுக்குக் கொடுத்திருந்தா? பாஸோட ரிப்போர்ட்டைத் திறந்தா என் பூனை ஃபோட்டோ வரும். பழசும் போச்சு, புதுசும் போச்சு.” வைதேகி தலையில் அடித்துக்கொண்டாள். “ஆபீஸ்ல எல்லாரும் எதையாவது புதுசா உருவாக்குறாங்க. நான் ஒருத்திதான், அழிக்கிறதை ஒழுங்கா அழிக்கச் சம்பளம் வாங்குறேன். போரடிக்குது இல்ல?”

“இல்லை லா, சொல்லுங்க.” அவருடைய மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. “உறுதி ஆகுறவரைக்கும் அந்த இடம் காலியாத்தானே இருக்கு?”

“பார்க்கக் காலிதான். ஆனா கணக்குப்படி அது இன்னும் பழைய ஃபைலோடது.”

“எப்படியும் உறுதி ஆகத்தானே போகுது? கொஞ்சம் முன்னாடியே கொடுத்தா?”

“கூடவே கூடாது. பாவம், புது ஃபைலுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம இடம்னு நம்பி வந்து உட்கார்ந்திருக்கும்.”

அழகேசன் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

வைதேகிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடத்தில், கம்ப்யூட்டர் வட்டில் ஒரு துண்டு இடத்தை எப்போது விடுவிப்பது என்பதை எந்த ஆணும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. கழுதை, ஃபைல் சிஸ்டம் பேசியே ஒருத்தரை மயக்கிவிட்டாயே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். சுவா சூ காங் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், ரயிலிலிருந்தே அத்தையைக் கூப்பிட்டுச் சம்மதம் சொல்லிவிட வேண்டும். பட்டுப்புடவை அரக்கா, பச்சையா என்பதுதான் பாக்கி.

“வைதேகி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.” அவர் குரல் தணிந்திருந்தது. “இன்னிக்குச் சொல்ல வேணாம்னுதான் நினைச்சு வந்தேன். நீங்க இவ்வளவு சொன்னப்புறம் மனசு கேட்கலை.”

“சொல்லுங்க,” என்றாள், ரொம்பவும் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு.

“எனக்கு இன்னும் டிவோர்ஸ் ஃபைனல் ஆகலைங்க.”