தண்ணி கட்டிய மாடி

“இன்னா ஆதிகேசவா, உன் சித்தாளு மேஸ்திரி ஆயிட்டாளாமே?”

டீக்கடையில் உலகநாதன் சிரித்துக்கொண்டே கேட்டதும், ஆதிகேசவனுக்கு வாயில் இருந்த டீ கசந்தது.

“யாருன்னா எதுன்னா ஆவட்டும். எனக்கின்னா?” என்று கிளாசைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

எனக்கென்ன என்று சொல்லிவிட்டாரே தவிர, பத்து நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பழவேற்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற பள்ளிக்கூடம் அது. தேக்கு உத்திரம், அதற்கு மேல் சுண்ணாம்புத் தளம். மழை வந்தால் ஒழுகும். ஒழுகினால் காட்டூரில் இருக்கிற ஆதிகேசவனுக்கு ஆள் வரும். சிமெண்டு மூட்டையோடு போய், ஒழுகுகிற இடத்தில் பூசிவிட்டு வருவார். பதினைந்து வருஷமாக அந்த மாடியில் அவரைத் தவிர வேறு கொத்தனார் கால் வைத்ததில்லை.

இப்போது மொத்தத் தளத்தையும் பெயர்த்துவிட்டு, பழைய முறையிலேயே புதிதாகப் போடுகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, வெல்லம். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஜோயல், “சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்க இங்க யாரு?” என்று கேட்டபோது ஆதிகேசவன் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சிமெண்டு.

“சின்ன வயசுல எங்கம்மா கூட தளம் அடிச்சிருக்கேன் சார்” என்று முன்னால் வந்து நின்றவள் மரியம்மா. இருபது வருஷம் ஆதிகேசவனுக்குச் சாந்துச் சட்டி தூக்கியவள்!

அவ்வளவுதான். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தளத்தை அடிக்கிறார்கள். நடுவில் நின்று மரியம்மா பதம் சொல்கிறாள். தலைமையாசிரியை கலைவாணியே அவளை “மேஸ்திரிம்மா” என்று கூப்பிடுகிறார்.

வடக்குப் பக்கம் முடிந்தது. மாடியில் தண்ணி கட்டிப் பார்த்து, கீழே ஒழுகாமல் தேறினால், தெற்குப் பக்கமும் அவளுக்குத்தான்.

“நாளைக்குத் தண்ணி கட்டிப் பாக்குறாங்க. நீங்களும் வாங்க மேஸ்திரி” என்று மரியம்மாவே வீடு தேடி வந்து கூப்பிட்டாள்.

“எதுக்கு? உனக்கு மால போடுறத நான் பாக்கணுமா?”

“நீங்க வந்து பாருங்க மேஸ்திரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனாலும் மறுநாள் ஆதிகேசவன் போனார். ஒரு சொட்டாவது ஒழுகாதா என்று பார்க்கத்தான் போனார்.

மாடியில் தண்ணீர்ப் போக்கிகளை அடைத்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒவ்வொரு வகுப்பறையாக எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

முதல் அறை, காய்ந்திருந்தது. இரண்டாவது, அதுவும் அப்படியே. மூன்றாவதிலும் ஈரம் இல்லை என்றதும் ஆதிகேசவன் எல்லோருக்கும் முன்னால் அடுத்த அறைக்குள் நுழைந்தார்.

நாலாவது அறையின் மூலையில், தட்டு அகலத்துக்கு ஓர் ஈர வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சின் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

“சார்! இங்க வாங்க சார்! ஒழுவுது பாருங்க!”

குரலில் இருந்த குதூகலத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

ஜோயல் வந்து பார்த்தார். முகம் மாறியது.

“மரியம்மா, இதுக்கு மேல இருந்த பழைய சிமெண்ட எடுத்தீங்களா இல்லையா?”

“இல்ல சார்.”

“துளி மிச்சமில்லாம எடுக்கணும்னு சொன்னேனே?”

“சொன்னீங்க சார்.”

“ஒரு வாரம் நான் சென்னைக்குப் போனா இதான் நடக்குமா? ஏன் விட்டீங்க?”

மரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “தப்புதான் சார்.”

ஆதிகேசவன் சும்மா இருப்பாரா? “சட்டி தூக்குறவங்கல்லாம் கரண்டி புடிச்சா இப்டித்தான் சார் ஆவும்” என்றார்.

ஜோயல் பெஞ்சைச் சொட்டுக்கு அடியிலிருந்து தள்ளிப் போட்டார். பிறகு ஆதிகேசவன் பக்கம் திரும்பினார்.

“சுண்ணாம்பு வேலைய நான் சொல்லித் தர்றேன். தெற்குப் பக்கத்த நீங்க எடுத்துக்கிறீங்களா?”

ஆதிகேசவனுக்குக் காதுக்குள் தேன் பாய்ந்தது. “மேல போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்துடுறேன் சார்” என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

தண்ணீரில் இறங்கி மூலைக்கு நடந்தார். வெள்ளை வெளேரென்ற புதுத் தளத்தின் ஓரத்தில், முறம் அளவுக்குக் கறுப்பாக ஒரு சிமெண்டுத் திட்டு. தெளிந்த தண்ணீருக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. குனிந்து படித்தார்.

‘ஆதிகேசவன் மேஸ்திரி 2017.’

வர்தா புயலுக்குப் பிறகு பூசியபோது, ஈரம் காய்வதற்குள் கரண்டி முனையால் அவரே கீறியது. எழுதியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பெயருக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. அதிலிருந்து சின்னச் சின்னதாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. மரியம்மா நின்றிருந்தாள்.

“இந்தப் பள்ளிக்கோடத்த கட்டுனதும் ரிப்பேர் பாத்ததும் எத்தினியோ பேரு. ஒருத்தர் பேரும் எங்கியும் இல்ல. நம்மாளுங்கள்ல உங்க பேரு ஒண்ணுதான் மேஸ்திரி கீது. உளிய வெச்சேன். அடிக்க கை வரல.”

ஆதிகேசவன் குனிந்து அந்த வெடிப்பை விரலால் தடவினார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே வாசலுக்கு வந்து நின்ற ஜோயலைப் பார்த்துக் கத்தினார்.

“சார், மேஸ்திரிய மாத்தாதீங்க! அந்தம்மா போட்ட தளம் ஒழுவல. ஒழுவுறது என் பேருதான்!”